அறிவுக்குக் குறைவில்லை, நோட்டு மட்டும் பாதியில் நிற்கிறது

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், பதினோரு வயது. வகுப்பில் ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவான். ‘வீட்டுப்பாடம் கொடுப்பதே இல்லை’ என்று பள்ளியிலிருந்து புகார் வந்த அன்று, அவன் அம்மா புத்தகப் பையைத் தரையில் கவிழ்த்தார். பென்சில் துருவல், மூடி இல்லாத பேனா, கசங்கிய சுற்றறிக்கை. அவற்றுக்கு நடுவே நான்காக மடித்த மூன்று தாள்கள். எல்லாம் போட்டு முடித்த கணக்குகள், பெரும்பாலும் சரியான விடைகள். செய்தவன், எடுத்துக் கொடுக்க மறந்திருக்கிறான். அதுவும் மூன்று நாள் தொடர்ந்து.

சோம்பேறியாக இருந்தால் செய்திருக்கவே மாட்டானே?

பாடம் புரிவது ஒரு வேலை. அதை எழுத உட்கார்ந்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று கணித்து, நடுவில் வேறெங்கும் போய்விடாமல் முடித்து, பையில் வைத்து, மறுநாள் ஞாபகமாக எடுத்து நீட்டுவது முற்றிலும் வேறொரு வேலை. இந்த இரண்டாவதைப் பார்த்துக்கொள்வதில் பெரிய பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிக்கு. அது முழுதாக முதிர்ச்சி அடைய இருபத்தைந்து வயது வாக்கில் ஆகிறது. ஆக, பெரியவர்களையே திணறடிக்கும் கணக்கைப் போடும் பிள்ளை, நோட்டு எங்கே என்று தெரியாமல் முழிப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. இது புரியாமல் வீட்டில் நாம் செய்யும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

‘புத்தி இருக்கு, பொறுப்புதான் இல்ல’

முதல் தவறு இந்தத் தீர்ப்புதான். தினமும் கேட்கும் பிள்ளை அதை நம்பிவிடுகிறது. இதற்குச் சாட்சியாகக் கொண்டுவரப்படுவது எப்போதும் வீடியோ கேம். ‘அதை மட்டும் ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்ந்து ஆடத் தெரியுதே?’ தெரியும்தான். கேம் ஒவ்வொரு நொடியும் பதில் சொல்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதுவே காட்டுகிறது. தோற்றால் மறு நிமிடமே திரும்ப ஆடலாம். கட்டுரை நோட்டு திருத்தப்பட்டு வர ஒரு வாரம் ஆகும், எங்கே தொடங்குவது என்று யாரும் காட்டுவதும் இல்லை. கேமில் கவனம் நிற்கிறது என்பதால், வேண்டும்போது வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுவந்து நிறுத்த முடியும் என்று ஆகிவிடாது.

எங்கே சிக்குகிறது என்று பார்க்காமலே திட்டுவது

ஒரு மாலை முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கவனித்துப் பாருங்கள். (வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.) தொடங்கவே முடியவில்லையா, தொடங்கிய பிறகு நழுவுகிறதா, எழுதுவதே மெதுவா, முடித்தும் போய்ச் சேரவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நான் அப்படிப் பார்த்த ஒரு சிறுமி தலைப்பை எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். மூன்றாவது தடவை தாள் கிழிந்தது. புதுத் தாள் எடுத்தாள். இருபது நிமிடம் போயிற்று, உள்ளே ஒரு வரி இல்லை. பார்ப்பவர்கள் விளையாடுகிறாள் என்பார்கள். அவளுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்தது பயம். தப்பாக எழுதிவிட்டால் ‘கெட்டிக்காரி’ என்ற பெயர் போய்விடுமே!

அந்தப் பெயரைக் கொடுத்தது நாம்தான். 1998-இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் ‘நீ ரொம்பப் புத்திசாலி’ என்றும், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் திணறவிட்டு, திரும்பவும் முதலில் கொடுத்த அளவுக்கு எளிதானவற்றைக் கொடுத்தார்கள். புத்திக்காகப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் முன்பு எடுத்த மதிப்பெண்ணைவிடக் குறைவாக எடுத்தார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கூடுதலாக எடுத்தார்கள். இன்னொன்றும் நடந்தது. மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதிச் சொல்லும்படி கேட்டபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூட்டிச் சொன்னார்கள்! ஒரே ஒரு வாக்கியம் செய்த வேலை இது. இதை வருடக்கணக்கில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, முடிக்காத நோட்டு ஒரு பாதுகாப்பு. முடித்துக் கொடுத்தால்தானே தப்பு தெரியும்.

இப்படிப்பட்ட பிள்ளையிடம் ‘முதல் தடவை மோசமாவே எழுது, அப்புறம் சரி பண்ணலாம்’ என்று சொல்லி, அழிப்பானை எடுத்து வைத்துவிடுவது எவ்வளவோ பலன் தரும்.

கையைக் கவனிக்காமல் விடுவது

வாயால் ஒரு பக்கத்துக்குச் சொல்லும் பதிலைத் தாளில் இரண்டு வரிக்கு மேல் எழுதாத பிள்ளைகள் உண்டு. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கேள்விக்கு வாய்மொழியாகப் பதில் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதே போன்ற கேள்விக்கு எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் அடிக்கடி இருந்தால், அது டிஸ்கிராபியா என்னும் எழுதுதல் குறைபாடாக இருக்கலாம். படிப்பதைச் சிரமமாக்கும் டிஸ்லெக்சியாவும் கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் நன்றாக ஒளிந்துகொள்ளும். சொல்லைப் படிக்காமல், முன்பின் பார்த்து ஊகித்தே பல வருடம் ஓட்டிவிடுவார்கள். மதிப்பெண் நடுத்தரமாக வரும். அவர்களுடைய திறமையும் யார் கண்ணிலும் படாது, சிரமமும் படாது.

இந்தப் பிள்ளைக்கு ‘பத்து தடவை எழுது’ என்று தண்டனை கொடுப்பது, காலில் சுளுக்கு உள்ளவனை மைதானம் சுற்றி ஓடச் சொல்வது போல. இருபது கணக்கில் வகைக்கு ஒன்றாக ஆறு போட்டால் போதுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். பல ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

‘டைரியைப் பாரு, நாளைக்கு உள்ளதை எடுத்து வை, கணக்கை முதல்ல முடி, அப்புறம் பையை அடுக்கு’

நாலு வேலை, ஒரே மூச்சில். பெரியவர்களே ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்கக்கூடியது சுமார் நான்கு விஷயங்கள்தான். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொல்லலாம், அல்லது தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடலாம்.

அவசரமாக ஒரு பெயர் சூட்டுவது, அல்லது எந்தப் பெயருக்கும் இடம் கொடுக்காமல் இருப்பது

‘பாடம் அவனுக்கு ரொம்ப எளிது, அதான் போரடிக்குது’ என்பது பெற்றோருக்குப் பிடித்த விளக்கம். சில வேளை உண்மையும்கூட. ஆனால் சிறு வகுப்புகளில் எல்லாம் தானாக வந்துவிட்டதால், வராத ஒன்றோடு மல்லுக்கட்டும் பழக்கமே ஏற்படாமல் போவதும் உண்டு. பாடங்கள் கூடும் வகுப்பில் அந்தப் பிள்ளை முதல் முறையாகச் சுவரில் மோதும்.

இன்னொரு பக்கம், இரண்டு வீடியோ பார்த்துவிட்டு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) என்று முடிவு கட்டுவது. மருத்துவர்கள் கைக்கொள்ளும் அமெரிக்க வரையறையின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்க வேண்டும். ஒரு ஆசிரியரின் வகுப்பில் மட்டும் வரும் பிரச்சினை இதில் சேராது. அதே சமயம், நல்ல மதிப்பெண் வாங்குகிறது என்பதால் இது இருக்காது என்றும் சொல்ல முடியாது. துறுதுறுவென்று ஓடாமல், ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை.

அதற்கு முன் கண்ணைப் பாருங்கள். தூரப்பார்வை (பக்கத்தில் இருப்பதைப் பார்க்கச் சிரமம்) உள்ள பிள்ளை கரும்பலகையைத் தெளிவாகப் படித்துவிடும், புத்தகத்தில்தான் பத்து நிமிடத்தில் சோர்ந்துபோகும். தூக்கத்தையும் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தேவை. வீட்டுப்பாடம் முடியும் வரை தூங்க விடாமல் உட்காரவைத்தால் மறுநாள் இன்னும் மோசமாகும். பேச்சின் நடுவே சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காதது போல் தொடர்வது அடிக்கடி நடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வகை வலிப்பு அப்படித்தான் இருக்கும், பகற்கனவு என்று விட்டுவிடக் கூடாது.

கொஞ்சம் தேறியதும் கையை எடுத்துவிடுவது

முதலில் சொன்ன அந்தப் பையனுக்குச் செய்தது ரொம்பச் சின்ன ஏற்பாடு. வகுப்பு வாசலில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே வந்ததும் உட்காருவதற்கு முன்பே தாளை அதில் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாதம் பிசகாமல் நடந்தது. ‘இனி இவனே பார்த்துக்கொள்வான்’ என்று பெட்டியை எடுத்தார்கள். இரண்டே வாரத்தில் பையின் அடியில் மறுபடி மடித்த தாள்கள். பெட்டி திரும்ப வந்தது, வருடக் கடைசிவரை இருந்தது. தாள்கள் கசங்கித்தான் போய்ச் சேர்ந்தன. ஆசிரியர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.