கடலூர் அரசுப் பள்ளியின் அறிக்கை அட்டையைப் படிப்பது எப்படி?

பள்ளியின் வசதிகள், ஆசிரியர் விவரங்களைச் சொல்லும் அட்டை இது. தலைமையாசிரியரிடம் யுடைஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 11 இலக்கம், கடலூர் என்றால் 33-ல் தொடங்கும், புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் 34. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அட்டை வரும். மத்திய அரசின் 1000 புள்ளித் தரக் குறியீடு மாநிலங்களுக்கானது. அதை வைத்து உங்கள் ஊர்ப் பள்ளியை எடைபோடாதீர்கள்.

கழிப்பறை, குடிநீர் விவரமெல்லாம் பள்ளியே பதிவேற்றுவது. நேரில் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். ஆசிரியர் கணக்கு எளிது: தொடக்கப் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 பேர், 61 முதல் 90 வரை 3 பேர்.

பலரும் ஏமாறுவது தேர்ச்சி சதவீதத்தில்தான். 20 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினாலே 95-க்கு இறங்கிவிடும். 200 பேர் எழுதும் இடத்தில் 10 பேர் தவற வேண்டும். அதனால் மூன்றாண்டு முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்பது. 48 பேரில் 41 பேர்தான் எழுதினார்களா? மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர்களைக் கழியுங்கள். மிச்சத்தில் பெரும்பாலும் இடைநின்றவர்கள். நூறு சதவீதத் தேர்ச்சிக்குப் பின்னாலும் இது ஒளிந்திருக்கும்.

பக்கத்துப் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால், அவற்றின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது வீண்.

கேள்விகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்; பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.