"இப்பவே தூங்கிடணும்": படுக்கையில் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் தவறான வார்த்தைகள்

படுத்தது பதினொன்றரைக்கு. தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோனை எடுத்துப் பார்த்தால் மணி 1.40. உடனே மனசுக்குள் கணக்கு ஓடுகிறது: "ஆறரைக்கு எழுந்திரிக்கணும். இப்பவே தூங்கினாக்கூட நாலே முக்கால் மணி நேரம்தான். நாளைக்கு ஆபீஸ்ல ஒண்ணும் ஓடாது." இந்த மூன்று வாக்கியங்கள் முடிவதற்குள், கொஞ்சம் முன்பு வரை சொக்கிக்கொண்டிருந்த கண்கள் முழுசாக விழித்துக்கொள்கின்றன.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடம்பில் தூக்கத்தின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் இரவு நேரம் பார்த்து அதற்கு வழிவிடும். இந்த இரண்டையும் நாம் முயன்று செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து என்று மூளை எதையாவது எடுத்துக்கொண்டால், இந்த இரண்டையும் மீறி நம்மை விழிப்பில் வைத்திருக்க அதனால் முடியும். இதயத்துடிப்பு கூடும், தசைகள் இறுகும். "தூங்காவிட்டால் நாளை கெட்டது" என்பதும் மூளைக்கு ஓர் ஆபத்து அறிவிப்புதான். அதனால்தான் படுக்கையில் நமக்கு நாமே என்ன சொல்கிறோம் என்பதை மருத்துவம் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறது.

"இப்பவே தூங்கிடணும்"

இருப்பதிலேயே அதிகம் கெடுப்பது இதுதான். தூக்கம் கட்டளைக்கு வராது. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சிலரிடம் முடிந்தவரை வேகமாகத் தூங்கச் சொன்னார்கள். மற்றவர்களிடம் தோன்றும்போது தூங்கினால் போதும் என்றார்கள். வேகமாகத் தூங்கச் சொல்லப்பட்டவர்களில், கூடவே அணிவகுப்பு இசையையும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் தூங்க மிகவும் சிரமப்பட்டார்கள். தூங்க வேண்டும் என்று முனையும்போது "தூங்கிட்டேனா, இன்னும் இல்லையா?" என்று மனசின் ஒரு பகுதி சோதித்துக்கொண்டே இருக்கிறது. வெளியில் இரைச்சலோ உள்ளே கவலையோ இருந்தால் அந்தச் சோதனைதான் மேலே வந்து நிற்கிறது.

இதற்கான மருத்துவ வழி நேர் எதிரானது. ஆஸ்திரிய மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் சொன்ன முறையிலிருந்து வளர்ந்தது. விளக்கை அணைத்து, வசதியாகப் படுத்து, கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். "தூங்க வேண்டாம், சும்மா முழிச்சிட்டு இருப்போம்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். இமை கனத்தால் "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று மெதுவாகத் தள்ளிப்போடுங்கள். ஃபோன் பார்ப்பதோ, கையைக் கிள்ளிக்கொள்வதோ, உடம்பை அசைத்து விழிப்பை வரவழைப்பதோ கூடாது. தூங்கும் முயற்சியைக் கைவிடுவது மட்டுமே நோக்கம். "இப்படிச் செஞ்சா சீக்கிரம் தூக்கம் வருமாமே" என்று ஓரக்கண்ணால் காத்திருந்தால் மறுபடி பழைய சோதனைக்கே வந்துவிடுவீர்கள்.

"மணி என்ன ஆச்சு?"

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பவர்களுக்குக் கவலையும் கூடுகிறது, தூங்க எடுத்த நேரமும் உண்மையைவிட நீளமாகத் தோன்றுகிறது. அலாரம் வைத்துவிட்டு ஃபோனைக் கை எட்டாத இடத்தில், திரை கீழே இருக்கும்படி வையுங்கள். சுவர்க் கடிகாரம் இருட்டில் தெரிந்தால் இடம் மாற்றுங்கள். நடுவில் விழிப்பு தட்டினாலும் பார்க்க வேண்டாம். அலாரம் அடிக்கவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்பது தெரிந்தாலே போதும்.

"ராத்திரி பூரா பொட்டுத் தூக்கம் இல்லை"

சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் உணர்வது அதுதான். ஆனால் தூக்கமின்மை உள்ள பலர் தாம் தூங்கிய நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது தூக்க ஆய்வுக்கூடப் பதிவுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. சுற்றுகளுக்கு இடையில் லேசாக விழிப்பு வருவது எல்லோருக்கும் உண்டு. நன்றாகத் தூங்குபவர் அதைக் கவனிக்காமல் புரண்டு படுத்துக்கொள்கிறார். கவலைப்படுபவர் "பாரு, மறுபடி முழிச்சிட்டேன்" என்று அதைப் பிடித்துக்கொள்கிறார். விழிப்பு நீள்வது பெரும்பாலும் அந்த வாக்கியத்தால்தான்.

காலையில் சொல்லிக்கொள்வதும் பகலைப் பாதிக்கிறது. 2014-இல் அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் நடந்த ஆய்வில், மாணவர்களைக் கருவியில் இணைத்து, முந்தைய இரவு நன்றாகத் தூங்கியதாகச் சிலரிடமும் மோசமாகத் தூங்கியதாகச் சிலரிடமும் பொய்யான அளவைச் சொன்னார்கள். மோசமாகத் தூங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் கவனத்தைச் சோதிக்கும் தேர்வில் பின்தங்கினார்கள். இதை வைத்துத் தூக்கமே தேவையில்லை என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் தேவை என்பது மாறவில்லை. ஒரு மோசமான இரவின் மேல் நாம் ஏற்றிவைக்கும் தீர்ப்புதான் கூடுதல் சுமை.

"நான் இன்றிரவு ஆழ்ந்து உறங்குவேன்"

எதிர்மறையாகப் பேசக் கூடாது என்றதும் பலர் இந்தப் பக்கம் தாவுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஒரு வாக்குறுதி, ஒரு மணிக்கும் கண் மூடவில்லை என்றால் வாக்குறுதி உடைந்த ஏமாற்றமும் சேர்ந்துகொள்கிறது. சொல்லும் வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், தூக்கம் வரும் என்று எந்த உறுதியும் தரக் கூடாது.

"நாளைக்கு ஒண்ணும் ஓடாது" என்பதற்குப் பதிலாக: "இதுக்கு முன்னாடியும் தூங்காம வேலைக்குப் போயிருக்கேன். அசதியா இருக்கும், சமாளிச்சிருக்கேன்." "எனக்குத் தூக்கமே வராத உடம்பு" என்பதற்குப் பதிலாக: "இந்த வாரம் மூணு நாள் சரியில்லை, நாலு நாள் பரவாயில்லை." "மறுபடி முழிச்சிட்டேன்" என்பதற்குப் பதிலாக: "இது நடுவில் வர்ற விழிப்பு." இவை உற்சாகமூட்டுபவை அல்ல. சலிப்பாக இருப்பதுதான் இவற்றின் பலம். இவற்றைப் பகலிலேயே உங்கள் சொந்தப் பேச்சுவழக்கில் எழுதிவையுங்கள். இரவு இரண்டு மணிக்கு நியாயமான வாக்கியம் ஒன்றை யோசித்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

படுக்கையில் கணக்கு வழக்கு

பல வீடுகளில் கணவனும் மனைவியும் தனியாகப் பேச முடிவது விளக்கணைத்த பிறகுதான். பள்ளி ஃபீஸ், கடன் தவணை, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு என்ன செய்வது எல்லாம் அப்போதுதான் வரும். பேசியவர் தூங்கிவிடுவார், கேட்டவர் முழித்திருப்பார். அந்தப் பேச்சைச் சாப்பாட்டுக்கு முன்பாக நகர்த்துங்கள். தூங்குவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னதாக, 15 நிமிடம் ஒதுக்கி, தாளின் இடப்பக்கம் கவலையையும் வலப்பக்கம் அதற்கான அடுத்த ஒரே ஒரு படியையும் எழுதுங்கள். "கடன்" என்று எழுதி விட்டுவிட்டால் பயனில்லை. "செவ்வாய்க்கிழமை பேங்க் மேனேஜரைப் பார்க்கணும்" என்று எழுதினால் மனசு அதைக் கீழே வைக்கிறது. 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வில், படுக்கும் முன் 5 நிமிடம் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், செய்து முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ, அவ்வளவு பலன்.

அப்படியும் படுக்கையில் நினைப்பு வரும். "யோசிக்கக் கூடாது" என்று தள்ளுவது அடுத்த தவறு. வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் கரடிதான் வந்து நிற்கும் என்பதை 1987-லேயே வெக்னர் காட்டிவிட்டார். தள்ளுவதற்குப் பதில் மனசுக்குப் பார்க்க ஏதாவது கொடுங்கள். "கடல்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'க'வில் கதவு, கரும்பு, கழுதை. ஒவ்வொன்றையும் ஐந்தாறு நொடி படமாகப் பாருங்கள், கதவின் தாழ்ப்பாள் வரைக்கும். சொற்கள் தீர்ந்ததும் 'ட'வில் டம்ளர், டவரா. பிறகு 'ல'வில் லாரி, லட்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாததால் கதையாகவோ கவலையாகவோ கோர்த்துக்கொள்ள வழியில்லை. எண்களை எண்ணிக்கொண்டே கவலைப்பட முடியும். படத்தை விவரமாகப் பார்த்துக்கொண்டே கவலைப்படுவது கடினம்.

"நேத்து தூங்கலை, இன்னைக்குச் சீக்கிரம் படுக்கணும்"

நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 6 மணி நேரம் தூங்குபவர் 9 மணி நேரம் படுக்கையில் கிடந்தால், மூன்று மணி நேரம் விழித்துக்கிடக்கும் இடமாகப் படுக்கை ஆகிவிடுகிறது. தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள்: 67 சதவீதம். 85-ஐத் தாண்டுவதுதான் இலக்கு. அதற்கு முதல் வேலை, எப்படித் தூங்கியிருந்தாலும் ஞாயிறு உட்பட ஒரே நேரத்துக்கு எழுவது. அடுத்தது, கண் சொக்கிய பிறகே படுப்பது. படுக்கும் நேரத்தை இன்னும் கறாராகச் சுருக்கும் சிகிச்சையும் உண்டு. ஆனால் வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்களும் வண்டி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களும் அதைத் தாமாகச் செய்யக் கூடாது.

கடிகாரம் பார்க்காமல், தோராயமாக 20 நிமிடம் ஆனதாகத் தோன்றியும் தூக்கம் வரவில்லை, எரிச்சல் ஏறுகிறது என்றால் எழுந்துவிடுங்கள். 1972-இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் வகுத்த இந்த விதி இன்றும் சிகிச்சையின் தூண். எல்லோரும் ஒரே கூடத்தில் படுக்கும் வீட்டில் எங்கே போவது என்று கேட்பார்கள். பாயை விட்டு நகர்ந்து சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாலும் போதும். சமையலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு மங்கிய வெளிச்சத்தில் பழைய வார இதழைப் புரட்டலாம். கண் கனத்தால் திரும்பி வாருங்கள். எழுவதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். படுக்கை என்றாலே போராட்டம் என்று மூளை கற்றுக்கொண்டதை அழிக்கும் வேலை அது. முதல் ஒரு வாரம் பகலில் அசதி கூடத்தான் செய்யும், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

கையில் கட்டும் வாட்ச் காலையில் காட்டும் மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று. அது தூக்கத்தை மதிப்பிடுவது பெரும்பாலும் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துத்தான். மதிப்பெண் குறைந்தால் அன்றைய மனநிலையே கெடுகிறது என்றால், இரண்டு வாரம் கழற்றி வையுங்கள்.

"எல்லாம் மனசுதான்"

இதுவும் தவறுதான், ஆபத்தானதும்கூட. சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுவது, படுத்தால் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத குறுகுறுப்பு, பகலில் வண்டி ஓட்டும்போதே கண் செருகுவது: இவற்றை எந்த வாக்கியமும் சரிசெய்யாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். தூக்கம் வராத சிரமம் வாரத்தில் மூன்று இரவாவது வந்து, மூன்று மாதமாவது நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கு மாத்திரைக்கு முன்பாக, மேலே சொன்ன முறைகள் அடங்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்த வேண்டாம், அளவை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரவில் மனசு சொல்வது "நாளைக்கு ஓடாது" என்பதைத் தாண்டி "விடியவே வேண்டாம்" என்ற இடத்துக்குப் போனால், பட்டியலும் படமும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்புங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.