இசட்எஃப்எஸ் லாக்குக்கு ஆப்டேன் பிமெம்: வீட்டு சர்வரில் பொருத்தும் முறை

ராம் ஸ்லாட்டில் உட்கார்ந்து, சரியான மோடில் கரண்ட் போனாலும் தரவை வைத்திருக்கும் மெமரிதான் ஆப்டேன் பிமெம். 2022-இல் இன்டெல் ஆப்டேனைக் கைவிட்டது. பழைய 128 ஜிபி பிமெம் 100 மாட்யூல்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. வீட்டு ஸ்டோரேஜ் சர்வரில் இதற்கு ஏற்ற வேலை ஒன்றுதான்: இசட்எஃப்எஸ் (பல டிஸ்குகளை ஒரே பூலாகச் சேர்த்து ஆளும் ஃபைல் சிஸ்டம்) பூலின் சிங்க் ரைட்டுகளை, அதாவது பத்திரமாகிவிட்டது என்ற உறுதிக்குக் காத்திருக்கும் எழுத்துகளை, வாங்கி வைக்கும் லாக் டிவைஸ், அதாவது ஸ்லாக். ரீட் கேஷுக்கு இதை வீணாக்க வேண்டாம். அதற்குக் கூடுதல் ராம் போடுவதே மேல்.

டிடிஆர்4 ஸ்லாட்டில் உட்காரும் என்பதால் எந்த போர்டிலும் ஓடிவிடாது. கேஸ்கேட் லேக் தலைமுறை ஜியான் கோல்டு அல்லது பிளாட்டினம் வேண்டும். சில்வரில் 4215 போல வெகு சிலவே ஏற்கும். ஒவ்வொரு மெமரி கண்ட்ரோலரிலும் சாதாரண டிடிஆர்4 ஸ்டிக் ஒன்றாவது இருந்தாக வேண்டும். எது எந்த ஸ்லாட் என்பதை போர்டு மேனுவல் அட்டவணைப்படியே செய்யுங்கள். இடம் மாறினால் பயாஸ் மாட்யூலை ஏற்காது. வாங்கும்முன் மீதமுள்ள ஆயுள் சதவீதத்தையும் செக்யூரிட்டி நிலையையும் கேளுங்கள். பழைய உரிமையாளரின் பாஸ்ஃபிரேஸ் பூட்டு இருந்தால் வாங்காதீர்கள்.

பெரும்பாலோர் தவறுவது மோடில்தான். மெமரி மோடில் விட்டால் அது வெறும் பெரிய ராம். கரண்ட் போனால் தரவும் போய்விடும். லினக்ஸில் ஐபிஎம்சிடிஎல் (ipmctl) கருவியில் ஆப் டைரக்ட் (தரவு நிலைத்து நிற்கும் மோடு), நாட் இன்டர்லீவ்டு (மாட்யூல்களை ஒன்றாகக் கோக்காமல் தனித்தனியாக) என்று கோல், அதாவது வேண்டிய அமைப்பு, கொடுத்து ரீபூட் செய்யுங்கள். ரீபூட் ஆகும்வரை மாற்றம் நடைமுறைக்கு வராது. பிறகு என்டிசிடிஎல் (ndctl) கருவியில் செக்டர் மோடில் 16 ஜிபி நேம்ஸ்பேஸ் (டிஸ்க் போலத் தெரியும் ஒரு பகுதி) உருவாக்குங்கள். கருவி தானாகத் தருவது எஃப்எஸ்டாக்ஸ் (fsdax) என்ற வேறு மோடு. செக்டர் மோடைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எழுதும்போது கரண்ட் போனாலும் ஒரு செக்டர் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்காமல் பார்த்துக்கொள்வது அந்த மோடுதான்.

16 ஜிபி ஏன் போதும்? 10 கிகாபிட் நெட்வொர்க் நொடிக்கு 1.25 ஜிபிதான் தரும். இசட்எஃப்எஸ் வழக்கமாக 5 நொடிக்கொருமுறை டிஸ்கில் எழுதும், அது 6.25 ஜிபி. அடுத்த தொகுப்புக்கும் இடம் விட்டால் 12.5.

இனி ஜீபூல் ஆட் (zpool add) கட்டளையில் 'லாக்' (log) என்ற சொல்லை மறக்காமல் போட்டு அந்த நேம்ஸ்பேஸைப் பூலில் சேருங்கள். அதை விட்டுவிட்டால் மாட்யூல் சாதாரண தரவு டிஸ்காகச் சேர்ந்துவிடும். ரெய்டுஇசட் (டிஸ்க் பழுதைத் தாங்கும் இசட்எஃப்எஸ் அமைப்பு) பூலில் திரும்பப் பிரிக்க முடியாது.

சோதிக்க, என்எஃப்எஸ் (நெட்வொர்க் கோப்புப் பகிர்வு) வழியாக எழுதிக்கொண்டே ஜீபூல் ஐஓஸ்டாட் (zpool iostat -v) கட்டளையைப் பாருங்கள். லாக் வரியில் எண்கள் ஏற வேண்டும். விண்டோஸ் வகைப் பகிர்வான சாம்பா வழியாகக் கோப்பு நகலெடுத்தால் பெரும்பாலும் பூஜ்யமே தெரியும். அது பழுதல்ல, அந்த எழுத்துகள் சிங்க் இல்லை. மாட்யூல் 15 வாட் வரை இழுக்கும், ஆகவே ராம் வரிசை மேல் காற்று நேராகப் பட வேண்டும்.

மாட்யூல் செத்து பூல் ஏற மறுத்தால், இம்போர்ட் கட்டளையில் லாக் இல்லாமலும் ஏற்றும் 'எம்' (-m) ஆப்ஷனைச் சேருங்கள். கிராஷும் மாட்யூல் பழுதும் ஒரே சமயம் வந்தால் மட்டுமே கடைசிச் சில நொடி எழுத்துகள் போகும்.