ஆக்னஸ் ஏரிக்கு ஒரு நாள் மலைநடை: புதியவர்களுக்கு

கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் முதன்முதலாக மலை ஏறப்போகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது ஆக்னஸ் ஏரியைத்தான். லூயிஸ் ஏரிக்கரையிலிருந்து காட்டு வழியே ஒரு பக்கம் சுமார் 3.5 கி.மீ.; ஏற்றம் ஏறக்குறைய 400 மீட்டர். மேலே ஏரியை ஒட்டியே ஒரு தேநீர்க்கடை வேறு.

முதலில் பஸ். நடையைவிட வண்டி நிறுத்துவதுதான் பெரும்பாடு. கோடையில் ஏரிக்கரை பார்க்கிங் விடியும் முன்பே நிரம்பிவிடும். பூங்காவை நிர்வகிக்கும் பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பஸ்ஸுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். ஜூன் தொடக்கத்தில் மேலே பனி கிடக்கலாம் என்பதால் ஜூலை, ஆகஸ்ட் நல்லது.

அடுத்து பை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, ஸ்வெட்டர், சாப்பாடு. பிடிமானமுள்ள ஷூ அவசியம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது.

அப்புறம், கரடி தாக்க வந்தால் தற்காப்புக்கு அடிக்கும் கரடி ஸ்பிரே. இதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கேயே வாங்குங்கள். பைக்குள் வைத்தால் பயனில்லை; இடுப்பிலோ தோள்பட்டையிலோ கைக்கெட்டும்படி மாட்டுங்கள். பாதுகாப்புக் கிளிப்பை எப்படி எடுப்பது என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கொசு மருந்துபோல உடம்பில் அடித்துக்கொள்வதல்ல இது! உள்ளே இருப்பது மிளகாய்க் காரம். நெருங்கி வரும் கரடியின் முகத்தை நோக்கி அடிக்க வேண்டும். அந்த நிலைமையே வராமலிருக்க, சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள். ஆள் வருவது தெரிந்தால் கரடி பெரும்பாலும் தானே விலகிவிடும். கரடிக்குக் கேட்கட்டும் என்று பையில் கட்டிக்கொள்ளும் சின்ன மணிகளை நம்ப வேண்டாம்.

சரி, நடை. லூயிஸ் ஏரிக்கரையில் இருக்கும் ஹோட்டலைத் தாண்டியதும் வலப்பக்கம் பாதை காட்டுக்குள் ஏறும். புதியவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவது பெரும்பாலும் இங்கேதான், காரணம் வேகம். பேச்சு தடைபடாத அளவுக்கு மெதுவாக ஏறுங்கள். ஸ்புரூஸ், ஃபிர் மரங்களுக்கு இடையே கீழே லூயிஸ் ஏரியின் பச்சை நீலம் அவ்வப்போது தெரியும்.

குட்டியாக மிரர் ஏரி வந்தால் முக்கால் வழி முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, பலகையைப் பார்த்து ஆக்னஸ் ஏரிப் பாதையில் திரும்புங்கள். கடைசியாக அருவியை ஒட்டிய படிக்கட்டு. முட்டி கெஞ்சும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஏரி 2,135 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கனடாவின் முதல் பிரதமர் மெக்டொனால்டின் மனைவி பெயர்தான் ஏரிக்கு. கடையை 1901-இல் கனடியன் பசிபிக் ரயில்வே கட்டியது. தேநீர் கிடைக்கத் தொடங்கியது 1905-இல். இன்றும் மின்சாரம் கிடையாது. மாவு, சர்க்கரை போன்றவை ஆண்டுக்கு ஒருமுறை ஹெலிகாப்டரில் வரும்; காய்கறி போன்ற புதுச் சாமான்களை ஊழியர்கள் முதுகில்தான் சுமந்து வருகிறார்கள், அதனால் விலையைப் பார்த்து முணுமுணுக்காதீர்கள். ரொக்கம் வைத்திருங்கள். வரிசை நீளமாக இருந்தால் கொண்டுபோன சோற்றை ஏரிக்கரையில் பிரித்துவிடலாம். அணில்களுக்கு ஒரு பருக்கைகூடப் போடக்கூடாது, குப்பையும் உங்களோடு கீழே வர வேண்டும்.

இறங்கும்போது முட்டிக்குத்தான் வேலை; சிறு சிறு அடியாக வையுங்கள், ஓடாதீர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.