சீனியர் பவுல் வாரம்: இளம் வீரர்களை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) கல்லூரி சீசன் முடிந்த கையோடு, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் ஏப்ரல் டிராஃப்டுக்கு முன்னால், அலபாமா மாநிலத்தின் மோபைல் நகரில் சீனியர் பவுல் என்ற காட்சி ஆட்டம் நடக்கும். 1950-இல் முதல் ஆட்டம் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்தது. அடுத்த வருடமே மோபைலுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. நாடெங்குமிருந்து அழைக்கப்பட்ட நூற்றுச் சொச்சம் வீரர்கள் மூன்று நாள் பயிற்சி செய்து, சனிக்கிழமை ஓர் ஆட்டம் ஆடுவார்கள். என்எஃப்எல்லின் 32 அணிகளின் ஸ்கவுட்களும், அதாவது வீரர்களை எடைபோடுபவர்களும், வந்துவிடுவார்கள். டிராஃப்டை ஆர்வமாகப் பின்தொடர்கிறவர்களுக்கு இது திருவிழா வாரம். தப்பான முடிவுகள் அதிகமாகப் பிறக்கிற வாரமும் இதுதான்.

முதல் தவறு, மூன்று நாளை மூன்று வருடத்துக்கு மேலே வைப்பது. ஒரு வீரர் கல்லூரியில் முப்பது நாற்பது ஆட்டங்கள் ஆடியிருப்பார். அந்த வீடியோவெல்லாம் இருக்க, மோபைலில் செவ்வாய்க்கிழமை மதியம் சறுக்கினார் என்பதற்காக அவரைப் பட்டியலில் கீழே தள்ளுவது நியாயமே இல்லை. ஏற்கெனவே மனதில் இருக்கும் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்த வாரம். ஏரன் டோனால்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 சீசனில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்காக எதிரணியின் தாக்குதல் வரிசையைச் சிதறடித்து, தடுப்பாட்டக்காரர்களுக்கான பெரிய விருதுகளை வரிசையாக வாங்கினார். ஆனாலும் உயரம் சுமார் 6 அடி 1 அங்குலம், எடை 285 பவுண்டுதான். தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிளுக்கு இது போதுமா என்று பலர் தயங்கினார்கள். 2014 சீனியர் பவுல் பயிற்சியில் தன்னைவிடப் பெரிய ஆட்களை அவர் திரும்பத் திரும்பத் தாண்டிப் போனபோது அந்தத் தயக்கத்துக்குப் பதில் கிடைத்தது. ராம்ஸ் அணி 13-ஆவது ஆளாக எடுத்தது. பிற்பாடு மூன்று முறை லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அவருடைய திறமையை மோபைல் கண்டுபிடிக்கவில்லை, வீடியோவில் தெரிந்ததை உறுதிசெய்தது, அவ்வளவுதான்.

அடுத்தது, எனக்கு ரொம்பவும் முக்கியமாகப் படுவது, ஒற்றைக்கு ஒற்றைப் பயிற்சியைத் தப்பாகப் படிப்பது. ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கும் வைடு ரிசீவர் ஒருவர், அவரைப் பிடிக்கவிடாமல் தடுக்கும் கார்னர்பேக் ஒருவர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை யாரும் துரத்துவதில்லை. பின்னால் நின்று கார்னர்பேக்குக்கு உதவும் சேஃப்டி இல்லை. மைதானம் முழுக்க ரிசீவருக்குத் திறந்து கிடக்கிறது. இடமும் போகலாம், வலமும் போகலாம், மூன்று முறை ஏமாற்றிவிட்டும் ஓடலாம். நிஜ ஆட்டத்தில் அவ்வளவு நேரம் குவார்ட்டர்பேக்குக்குக் கிடைக்காது. ஆக, இந்தப் பயிற்சி ரிசீவர் ஜெயிக்கும்படியே அமைந்திருக்கிறது. கிரிக்கெட் வலைப்பயிற்சியில் தூக்கி அடித்த பந்தை யாரும் சிக்ஸர் என்று கணக்கு வைப்பதில்லை, இதுவும் அப்படித்தான். கார்னர்பேக் பந்தைத் தடுத்தாரா என்று மட்டும் பார்க்காமல், ரிசீவர் திரும்பும்போது கூடவே இடுப்பைத் திருப்ப முடிந்ததா, பயந்துபோய்க் கையைப் பிடித்து இழுத்தாரா, அடுத்த முறை அதே ஏமாற்றில் மறுபடி விழுந்தாரா என்று பாருங்கள்.

முன்வரிசையில் எதிரெதிரே நின்று மோதும் லைன்மேன்களின் ஒற்றைக்கு ஒற்றையிலும் இதே சாய்வு உண்டு, அங்கே அது தடுப்பாட்டக்காரர் பக்கம். பாஸ்தான், அதாவது பந்தை எறியும் ஆட்டம்தான், வரப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். பந்தை ஏந்தி ஓடுவார்களோ என்று ஒரு நொடி நிதானிக்க வேண்டியதில்லை. எதிரே நிற்கும் தாக்குதல் லைன்மேனுக்குப் பக்கத்தில் வழக்கமாகத் துணை நிற்கும் கார்டும் இல்லை, சென்டரும் இல்லை. ஆகவே தாக்குதல் வரிசையின் ஓரத்தில் நிற்கும் ஒரு டேக்கிள் பத்தில் நாலு முறை தோற்றால் அது பெரிய குற்றமில்லை. எப்படித் தோற்றார் என்பதுதான் விஷயம். வேகத்தில் தோற்றவருக்கு நிற்கும் நிலையையும் அடி எடுத்து வைப்பதையும் சொல்லிக்கொடுத்துத் திருத்தலாம். நேராக மார்பில் இடித்துப் பின்னுக்குத் தள்ளியதில் தோற்றிருந்தால் கவலை கொஞ்சம் ஆழமானது.

இதையெல்லாம் கெடுப்பது எட்டு நொடி வீடியோத் துணுக்குகள். ஒருவர் தரையில் விழும் காட்சி சமூக ஊடகத்தில் சாயந்திரத்துக்குள் லட்சம் பேரைச் சேர்ந்துவிடும். அதே ஆள் அன்றைக்கு ஒழுங்காகத் தடுத்து நின்ற மற்ற தடவைகளை யாரும் வெட்டிப் போடுவதில்லை. முழுப் பயிற்சியையும் பார்க்க முடியாதவர்கள், துணுக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பதே அந்த இளைஞருக்குச் செய்யும் மரியாதை.

குவார்ட்டர்பேக்குகள் விஷயத்தில் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். பந்தைக் கையில் தரும் சென்டர் புது ஆள், ரிசீவர்கள் புது ஆட்கள், ஆட்டப் புத்தகமும் புதுசு. முதல் நாள் பந்து தாமதமாகப் போவதும் ஆளில்லாத இடத்தில் விழுவதும் இயல்பு. முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையே என்ன மாறியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

உடலளவு பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரிகள் தங்கள் வீரர்களின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியே எழுதுவது வழக்கம். மோபைலில்தான் பலருக்கும் முதல்முறையாக உயரம், கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் கறாராக அளக்கப்படுகின்றன. அதனால் அளவுகள் பயனுள்ளவைதான். ஆனால் ஓர் அங்குலத்துக்காக ஆளையே பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாது. குவார்ட்டர்பேக் ரசல் வில்சன் 6 அடிகூட இல்லை. 2012-இல் மோபைலில் ஆடிவிட்டுப் போனவரை சியாட்டில் 75-ஆவதாக எடுத்தது. இரண்டாவது சீசனிலேயே லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்தார்.

சின்னக் கல்லூரி வீரர்களுக்கு மட்டும் இந்த வாரத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம் என்பது என் கருத்து. அவர்களுடைய வீடியோவில் எதிரே நிற்பவர்களின் தரம் என்ன என்று தெரியாது. குவின் மைனர்ஸ் மூன்றாம் பிரிவுக் கல்லூரியான விஸ்கான்சின் வைட்வாட்டரில் படித்தவர். கோவிட் காரணமாக 2020 சீசனே அவருக்கு இல்லை. 2021 மோபைலில் பெரிய கல்லூரி ஆட்களுக்கு எதிரே, தனக்குப் பழக்கமில்லாத சென்டர் இடத்திலும் நின்று காட்டினார். டென்வர் 98-ஆவதாக எடுத்தது. 2024-இல், அந்தந்த இடத்தில் லீகின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்தார். டெரி மெக்லாரினுக்கு வேறு மாதிரிக் கேள்வி இருந்தது. பெரிய கல்லூரியான ஒஹையோ ஸ்டேட்டில் ரிசீவர்கள் கூட்டம், கடைசி சீசனில் அவர் பிடித்தது 35 பந்துதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. 2019 மோபைலில் அவர் ஓடிய ஓட்டத்தின் துல்லியத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. வாஷிங்டனில் முதல் சீசனிலேயே பந்தைப் பிடித்து 919 கெஜம் சேர்த்தார்.

அப்புறம், நாம் பார்ப்பதைத்தான் அணிகளும் பார்க்கின்றன என்று நினைப்பது. 2019 சீனியர் பவுலில் வடக்கு, தெற்கு என்று மோதிய இரண்டு அணிகளில் தெற்கு அணிக்குப் பயிற்சி கொடுத்தது சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸ் பயிற்சியாளர் குழு. ரிசீவர் டீபோ சாமுவேல் அந்தத் தெற்கு அணியில் இருந்தார். கூட்ட அறையில் அவர் எப்படிக் கேட்டார், சொன்னதை மறுநாள் எப்படிச் செய்தார் என்பதை அவர்கள் வாரம் முழுக்கக் கூடவே இருந்து பார்த்தார்கள். ஏப்ரலில் 36-ஆவதாக அவரை எடுத்தவர்களும் அவர்களே. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்த அறை திறக்காது. அதனால் ஓர் அணியின் தேர்வு புரியவில்லை என்றால் உடனே முட்டாள்தனம் என்று எழுதிவிட வேண்டாம்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுப்பதும் வேண்டாம். கூடுதல் ஆட்களை அனுப்பிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் பிளிட்ஸ் போன்றவற்றுக்குத் தடை உண்டு, திட்டங்களும் எளிமையாக்கப்பட்டவை. பல அணிகளின் ஆட்கள் வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததுமே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆட்டநாயகன் விருதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2011-இல் அதை வாங்கிய கிறிஸ்டியன் பாண்டரை மினசோட்டா 12-ஆவதாக எடுத்து, நான்கு சீசனில் விட்டுவிட்டது. 2016-இல் வாங்கிய டாக் பிரெஸ்காட் 135-ஆவது ஆளாகத்தான் டாலஸுக்குப் போனார். அந்த வருடமே சிறந்த அறிமுகத் தாக்குதல் வீரர் ஆனார்.

மோபைலுக்கு அழைப்பு வராதவர்களை மறந்துவிடுவதும் ஒரு தவறு. இதே மாதிரிக் கல்லூரி வீரர்களுக்கான, 1925-இல் தொடங்கிய ஈஸ்ட்-வெஸ்ட் ஷ்ரைன் ஆட்டம் இன்னும் நடக்கிறது, ஆனால் அதைப் பார்ப்பவர்கள் குறைவு. 2000-இல் அதில் ஆடிய டாம் பிரேடி 199-ஆவதாகப் போனார். 2022-இல் ஆடிய பிராக் பர்டி 262-ஆவது, அதாவது அந்த டிராஃப்டின் கடைசி ஆள். இரண்டு வருடத்துக்குள் சூப்பர் பவுலில் 49ர்ஸின் குவார்ட்டர்பேக்காகக் களமிறங்கினார்.