யுனிவர்சல் ரிமோட்டில் ஐஆர் கோடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் பல வீட்டு ஹாலில் நாலு ரிமோட்டாவது கிடக்கும். டிவிக்கு ஒன்று, கேபிள் பாக்ஸுக்கு ஒன்று, வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஹோம் தியேட்டருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று. ஒவ்வொரு பட்டனுக்கும் ரிமோட் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) ஒளியில் ஒரு சிக்னல் அனுப்பும்; அதுதான் கோடு. இவற்றை ஒரே புரோகிராமபிள் ரிமோட்டுக்குள் கொண்டுவரலாம். ஆனால் பட்டன்களை வரிசையாக லேர்ன் செய்ததோடு, அதாவது பழைய ரிமோட்டின் கோடுகளைப் புதியதில் பதிவுசெய்ததோடு, வேலை முடிந்துவிடாது. ரிமோட்டுக்குள் இருப்பது வெறும் நகல். எந்தச் சாதனம், எந்தப் புரோட்டோகால் (சிக்னலை அமைக்கும் முறை), என்ன எண் என்ற கணக்கு வெளியே ஒரு நோட்டிலோ ஃபைலிலோ இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ரிமோட் கீழே விழுந்து உடைந்த அன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

டிவி அணைந்ததும் தேடலை நிறுத்துவது

ஆட்டோ சர்ச்சில் ரிமோட் தன் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கோட் செட்டாக (ஒரு சாதனத்துக்கான கோடுகளின் தொகுப்பு) அனுப்பிப் பார்க்கும். டிவி அணைந்த உடனே "கிடைத்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறோம். ஒரே பிராண்டின் பல செட்களில் பவர் கோடு பொதுவாக இருக்கும். மெனு, இன்புட், பேக் மட்டும் மாறும். அதனால் பவர், வால்யூம், இன்புட், மெனு, பேக், ஒரு எண் பட்டன் ஆகிய ஆறையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று தவறினாலும் அடுத்த செட்டுக்குப் போங்கள். சரியான செட் எண்ணை உடனே எழுதிவையுங்கள். வெளிநாட்டில் வாங்கிய சாதனத்துக்கு இங்கே விற்கும் ரிமோட்டின் பட்டியலில் செட் கிடைக்காமல் போவது சகஜம். அதற்கு லேர்னிங்தான் வழி.

ஒரே பவர் பட்டனை நம்பி மேக்ரோ எழுதுவது

ஒரே பட்டனில் பல கட்டளைகளை வரிசையாக அனுப்புவதுதான் மேக்ரோ. அதில் அதிகம் தொல்லை தருவது இதுதான். சாதாரண பவர் கோடு நிலையை மாற்றும், அவ்வளவுதான்: அணைந்திருந்தால் எரியும், எரிந்திருந்தால் அணையும். நம் ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஐப்பசி இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கி வைக்காத வீடு குறைவு. திரும்பக் கரண்ட் கொடுத்ததும் பல செட் டாப் பாக்ஸ்கள் தானே ஆன் ஆகிவிடும், டிவியோ ஸ்டாண்ட்பையில் நிற்கும். அப்போது "எல்லாம் ஆன்" மேக்ரோவை அழுத்தினால் டிவி எரியும், பாக்ஸ் அணையும்.

தீர்வு, ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனிக் கோடுகளைப் பயன்படுத்துவது. கம்பெனி ரிமோட்டில் இவற்றுக்குப் பட்டன் இருக்காது, ஆனால் பல மாடல்கள் இவற்றைப் புரிந்துகொள்ளும். எல்ஜி டிவிகளில் என்இசி என்ற புரோட்டோகால், முகவரி (எந்தச் சாதனத்துக்கு என்று சொல்லும் எண்) 4. கட்டளை எண்கள்: பவர் மாற்ற 8, ஆன் மட்டும் 196, ஆஃப் மட்டும் 197. சாம்சங்கில் முகவரி 7. மாற்ற 2, ஆன் 153, ஆஃப் 152. சோனியில் முகவரி 1. மாற்ற 21, ஆன் 46, ஆஃப் 47. உங்கள் மாடலில் வேலை செய்கிறதா என்று தனியாக அனுப்பிப் பார்த்துவிட்டு மேக்ரோவில் சேருங்கள். கட்டளைகளுக்கு நடுவே அரை விநாடி இடைவெளி விடுங்கள். டிவி ஆன் ஆனபின் இன்புட் மாற்றுவதானால் 8 முதல் 10 விநாடி காத்திருக்க வேண்டும்; அதற்குமுன் அனுப்பும் கோடு வீண்.

லேர்ன் செய்யும் முறை

இரண்டு ரிமோட்டையும் நேருக்கு நேர், 2 முதல் 5 சென்டிமீட்டர் தூரத்தில் மேஜைமேல் வையுங்கள். ஜன்னல் வெயிலும் சிஎஃப்எல் வெளிச்சமும் ரிசீவரில் படக்கூடாது. பட்டனைத் தட்டிவிட்டு எடுங்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். என்இசியில் முழுக் கோடு ஒரே ஒரு முறைதான் போகும். பிடித்திருக்கும் வரை 110 மில்லி விநாடிக்கு ஒரு முறை "அதே பட்டன்தான்" என்று சொல்லும் ஒரு குட்டிச் சிக்னல் மட்டுமே வரும். அந்தக் குட்டிச் சிக்னல் பதிவாகிவிட்டால் எந்தச் சாதனமும் அசையாது.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோர வீடுகளில் உப்புக்காற்றால் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டித் துடைத்து, பழைய ரிமோட்டில் புது பேட்டரி போட்டுவிட்டு லேர்ன் செய்யுங்கள். எல்இடி மங்கலாக அடித்தால் கோடு அரைகுறையாகத்தான் பதிவாகும். செல்போனின் முன் கேமராவில் எல்இடி ஊதாவாக மின்னினால் வெளிச்சம் வருகிறது என்று மட்டுமே பொருள். கோடு சரியா என்பதை அது சொல்லாது.

ஆர்டுயினோ என்ற சிறு புரோகிராமபிள் போர்டில் மூன்று கால் ஐஆர் ரிசீவர் வைத்துக் கோடு பிடிப்பவர்களுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. என்இசியில் கட்டளையும், அதன் பிட்டுகளில் (0, 1 இலக்கங்கள்) 0ஐ 1 ஆகவும் 1ஐ 0 ஆகவும் மாற்றிய எண்ணும் சேர்ந்தே வரும். கூட்டினால் 255 வர வேண்டும். எல்ஜி பவருக்கு 8, 247. கூட்டல் தப்பினால் மறுபடி பிடியுங்கள்.

கேரியர் அலைவரிசையையும், அதாவது எல்இடி விநாடிக்கு எத்தனை முறை மின்னுகிறது என்பதையும், குறித்துக்கொள்ளுங்கள். என்இசிக்கு 38 கிலோஹெர்ட்ஸ், சோனிக்கு 40, பிலிப்ஸ் ஆர்சி5க்கு 36. மாற்றி அனுப்பினால் பக்கத்தில் வேலை செய்யும், சோபாவில் உட்கார்ந்தால் செய்யாது. பேட்டரிதான் காரணம் என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்போம்.

122ஆம் சேனல் 12 ஆவது

ஆர்சி5, ஆர்சி6 வகைப் புரோட்டோகால்களில், புதிய அழுத்தல் என்று காட்ட ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பிட் மாறும். லேர்ன் செய்த கோட்டில் அது உறைந்துவிடும். 1, 2, 2 என்று அழுத்தினால் கடைசி 2, கையை எடுக்காமல் பிடித்திருப்பதாகவே பாக்ஸுக்குத் தெரியும். இந்தச் சாதனங்களுக்கு லேர்னிங்கை விட்டு, பட்டியலில் இருக்கும் செட்டையே தேர்ந்தெடுங்கள். சோனியில் வேறு சிக்கல்: அதே கோடு குறைந்தது மூன்று முறை, 45 மில்லி விநாடி இடைவெளியில் போக வேண்டும். ஒரே முறை அனுப்பினால் டிவி கண்டுகொள்ளாது.

ஏசியை டிவி மாதிரி நினைப்பது

ஏசி ரிமோட்டில் "கூட்டு", "குறை" என்று தனிக் கோடு பொதுவாகக் கிடையாது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் மோடு, வெப்பநிலை, ஃபேன், ஸ்விங் எல்லாம் சேர்ந்த முழு நிலையும் போகும். அதனால் "குறை" பட்டனை லேர்ன் செய்தால், எத்தனை முறை அழுத்தினாலும் ஏசி அதே எண்ணில்தான் நிற்கும்.

தேவையான நிலைகளை மட்டும் எடுங்கள்: ஆஃப், கூல் 24, கூல் 26, ராத்திரிக்குக் கூல் 27 ஃபேன் குறைவு. வீட்டுக்கு இந்த நாலே போதும். கூல் 24 வேண்டுமானால் பழைய ரிமோட்டில் மோடு, ஃபேன், ஸ்விங்கைச் சரிசெய்து 25இல் நிறுத்தி, டைமரை ரத்துசெய்துவிட்டு, "குறை" பட்டனை ஒரு முறை அழுத்தும்போது பிடியுங்கள். ஏசி கோடு நீளமானது. விலை குறைந்த லேர்னிங் ரிமோட்டின் நினைவகத்தில் அடங்காமல் பாதியில் அறுந்துபோகும். அப்படியானால் அந்தப் பிராண்டுக்கான ஏசி ரிமோட்டைத் தனியாக வாங்குவதே நல்லது.

நோட்டில் எழுதும் முறை

"பட்டன் 3" என்று பெயர் வைக்காதீர்கள். இடம், சாதனம், செயல் என்ற வரிசையில் "ஹால் டிவி ஆஃப்", "படுக்கையறை ஏசி கூல் 24" என்று வையுங்கள். கன்னியாகுமரி லாட்ஜ்களில் எல்லா அறையிலும் ஒரே மாடல் டிவி இருக்கும். அங்கே கோடு ஒன்றே, மாடலுக்கு ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு கோட்டுக்கும் சாதன மாடல் எண், பழைய ரிமோட்டின் மாடல் எண், புரோட்டோகால், முகவரி, கட்டளை, லேர்ன் செய்ததா பட்டியலிலிருந்து எடுத்ததா என்பது, சோதித்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். ரிமோட்டின் மாடல் எண் பெரும்பாலும் அதன் முதுகிலோ பேட்டரி மூடிக்குள்ளோ இருக்கும்.

பிட் வரிசையையும் மறக்காமல் எழுதுங்கள். எல்ஜியின் 4, 8 சில பட்டியல்களில் 32, 16 என்று இருக்கும். இரண்டும் ஒரே கோடுதான். பிட்டுகளைப் படிக்கும் திசை மட்டும் மாறியிருக்கிறது. ஆர்டுயினோவின் ஐஆர்ரிமோட் லைப்ரரியே 3ஆம் பதிப்பிலிருந்து திசையை மாற்றிக்கொண்டது. பழைய புரோகிராமின் எண்களைப் புதியதில் அப்படியே ஒட்டினால் ஒன்றும் நடக்காது.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ரிமோட்டின் பட்டன்கள் லேர்ன் ஆகவில்லை என்றால் ரிமோட்டைக் குறை சொல்ல வேண்டாம். அவற்றில் பல ப்ளூடூத்தில் இயங்குபவை. டிவி பவரும் வால்யூமும் மட்டுமே ஐஆரில் போகும். அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்டிக் ரிமோட்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.