அக்டோபர் 28: செக் நாட்டில் கொண்டாடும் முறை

1918 அக்டோபர் 28 அன்று ப்ராக் நகரில் செக்கோஸ்லோவாகியா என்ற தனி நாடு அறிவிக்கப்பட்டது. அந்த நாடு 1993 முதல் இல்லை, செக் குடியரசு, ஸ்லோவாகியா என இரண்டாகப் பிரிந்துவிட்டது. விழா மட்டும் செக் குடியரசில் நிலைத்துவிட்டது. மதுவும் ஆரவாரமுமான நாள் அல்ல இது. கொடி, மலர்வளையம், சாயங்காலம் விளக்கு ஊர்வலம், இவ்வளவுதான்.

முதல் வேலை கடைக்குப் போவது, அதுவும் 27ஆம் தேதியே. 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் 28 அன்று சட்டப்படி மூடியிருக்க வேண்டும். மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், ரயில் நிலையக் கடைகளுக்கு விலக்கு உண்டு. தெருமுனைச் சிறுகடை திறந்திருக்கலாம், நம்பியிருக்க வேண்டாம். இந்த நாளுக்கென்று தனிப் பலகாரம் எதுவும் கிடையாது. வீட்டில் பிடித்ததைச் சமைக்கலாம்.

அடுத்தது கொடி. பிழை அதிகம் நேர்வது இங்கேதான். அகலத்துக்கும் நீளத்துக்கும் விகிதம் 2:3. மேலே வெள்ளை, கீழே சிவப்பு, கம்பத்தின் பக்கம் நீல முக்கோணம். அந்த முக்கோணத்தின் கூர்முனை கொடியின் நட்டநடுவைத் தொட வேண்டும், 90 செ.மீ. நீளக் கொடியென்றால் 45 செ.மீ.யில். வீட்டில் தைப்பவர்கள் முப்பது செ.மீ.யோடு நிறுத்திவிடுகிறார்கள், பார்த்தவுடனே தெரிந்துவிடும். முக்கோணத்தை மறந்தால் போலந்தின் கொடியாகிவிடும். பால்கனியிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிடுகிறீர்களா? தெருவில் நின்று பார்ப்பவருக்கு வெள்ளைப் பட்டை இடப்பக்கம் தெரிய வேண்டும். வீட்டுக்குள் நின்று சரிபார்த்தால் தலைகீழாகத்தான் முடியும். ஒருவரைக் கீழே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னொரு நாட்டுக் கொடியும் வைத்தால், எதிரே நின்று பார்க்கும்போது செக் கொடி இடப்புறம்.

சட்டையில் குத்தும் மூவண்ண நாடாவுக்கு ஒரு செ.மீ. அகல நாடா மூன்று போதும், ஒவ்வொன்றும் 12 செ.மீ. வெள்ளை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்து, நடுவில் மடித்து ஊக்கு குத்துங்கள். சிவப்பு நடுவில் வராமல் நீலம் வந்துவிட்டால் அது ரஷ்யக் கொடியின் வரிசை. இந்த ஊரில் அந்தத் தவறைச் சிரித்துவிட்டுப் போக மாட்டார்கள்.

காலையில் ப்ராகின் வீட்கோவ் குன்றில் அரசு மரியாதை நடக்கும். ஏற்றம் செங்குத்து, அக்டோபர் காற்று குளிரும். நல்ல காலணியும் தடித்த மேலாடையும் வேண்டும். சிற்றூர்களில் முதல் உலகப்போர் நினைவுச்சின்னத்தருகே கூடுவார்கள். பூ கொண்டுபோனால் இரட்டைப்படை எண்ணிக்கை: மறைந்தவர்களுக்கு அப்படித்தான், ஒற்றைப்படை உயிரோடிருப்பவர்களுக்கு. செக்கோஸ்லோவாகியாவின் முதல் குடியரசுத் தலைவர் மசாரிக்கின் கல்லறை லானி என்னும் ஊரில் இருக்கிறது. அங்கும் பூ வைக்கிறார்கள். தேசிய கீதம் ஒரே சரணம். நிமிர்ந்து நிற்க வேண்டும், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். சில இடங்களில் ஸ்லோவாக் கீதமும் தொடர்ந்து வரும் என்பதால் அவசரப்பட்டுத் தொப்பியைப் போட வேண்டாம்.

சாயங்கால விளக்கு ஊர்வலம் பிள்ளைகளுக்கானது. சில ஊர்களில் அது 27ஆம் தேதியே நடந்துவிடும், ஊராட்சி அறிவிப்பைப் பாருங்கள். காகித விளக்கை ஒரு குச்சியில் தொங்கவிட்டு, உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் சிறு எல்.இ.டி. பல்பு வைப்பது மேல். காற்றில் சாய்ந்தால் காகிதம் பற்றிக்கொள்ளும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அது கடந்திருந்தால் 28 அன்று ப்ராகில் ஏறக்குறைய 4:45க்கே சூரியன் மறையும், கடக்காவிட்டால் 5:45க்கு. வேறோர் ஆண்டின் நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு போனால் பட்டப்பகலில் விளக்கோடு நிற்க வேண்டிவரும்.

இரவு ப்ராக் கோட்டையின் விளாடிஸ்லாவ் மண்டபத்தில் குடியரசுத் தலைவர் விருதுகளை வழங்குவார். உள்ளே போக அழைப்பு வேண்டும். மற்றவர்கள் செக் தொலைக்காட்சியின் நேரலையைப் பார்க்கிறார்கள். யாருக்கு விருது, யாருக்கு ஏன் இல்லை என்ற வாக்குவாதம் மறுநாளும் ஓயாது.